மடி இல்லாமக் காது குத்துவாங்களா

பிள்ளையை இங்கிட்டுக் குடு தாயி. அட, குடுங்கிறேன். உனக்கு இருக்கிறதே ரெண்டு கை, கம்பியைப் பிடிப்பியா பிள்ளையைப் பிடிப்பியா? ராஜபாளையம் வரைக்கும் இப்பிடியே நின்னுக்கிட்டா வரப்போற? கல்லுப்பட்டியில ஆளு எறங்குனாத்தான் உனக்கு எடம். என் மடி சும்மாத்தான் கெடக்கு. கீழ அந்த மஞ்சப்பையை மட்டும் மிதிச்சிராத, உள்ள புதுத்துணி இருக்கு.

வா கண்ணு. பாரு, அழுகவே இல்ல. சமத்து.

காது குத்தியாச்சா? யார் மடியில வச்சுக் குத்துனீக? உங்கண்ணன் மடியிலயா. ம். அவரை எப்பிடிக் கூப்பிட்ட, வீட்டுக்கு நேர்ல போயா? போன்லயா! போன்ல சொன்னதுக்கே வந்துட்டாரா மனுசன்? ம். நல்ல மனுசன். இல்லாட்டி விவரம் பத்தாத மனுசன். கோவிச்சுக்காத தாயி, சும்மா சொன்னேன்.

ஏன் கேக்குறேன்னா, நானும் ஒரு தாய்மாமன்தான். மதுரை பழங்காநத்தத்துல மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கேன். தவசின்னு கேட்டா யாரும் சொல்லுவாக. கூடப் பெறந்தவ ஒருத்திதான், நாகஜோதின்னு பேரு. ராஜபாளையத்துலதான் வாக்கப்பட்டிருக்கா. மாப்பிள்ளைக்கு மில்லுல வேலை. ஒரு பொம்பளப்பிள்ளை, இந்தா, இவ வயசுதான் இருக்கும். இவளை விட ஒரு சுத்துப் பெருசா இருக்குமோ என்னமோ. நான் பாத்து நாளாச்சு.

எங்க சொந்தக்காரவுகளுக்குன்னு ஒரு வாட்ஸப் குரூப்பு இருக்கு. நான்தான் ஆரம்பிச்சேன். பேரு ‘பாசப் பறவைகள்’. போன சித்திரையில ஒரு நாளு தங்கச்சி அதுல பிள்ளை போட்டோவைப் போட்டா. பாவாடை சட்டை, தலை நெறைய கனகாம்பரம், காது மட்டும் மொட்டையா இருக்கு. கீழ ஒரே ஒரு வரி. ‘தாய்மாமன் மடி இல்லாம யாராச்சும் காது குத்துவாங்களா?’

அம்புட்டுத்தான். தேதி இல்ல, எடம் இல்ல, அண்ணேன்னு ஒரு வார்த்தை இல்ல. இதை நீ என்னன்னு எடுத்துக்கிருவ? சொல்லு. இல்ல, நீ சொல்ல வேணாம், நானே சொல்றேன். பதில் வேணும்னு கேக்குறவ இப்பிடியா கேப்பா? குத்துவாங்களான்னா, குத்தமாட்டாங்கன்னு அவளுக்கே தெரியும். தெரிஞ்சதை எதுக்குக் கேக்கணும்? சுருக்குன்னு தைக்கட்டும்னு கேக்குறது. நம்ம முறை என்ன? வீட்டு விசேசத்துக்கு மொத வெத்தலை தாய்மாமனுக்கு. புருசனும் பொஞ்சாதியும் தட்டுல வெத்தலை பாக்கு பழம் வச்சு, வாசப்படி ஏறி, ‘அண்ணே, நீங்கதான் முன்னால நின்னு நடத்தணும்’னு சொல்லணும். அப்பிடிச் சொன்னா நான் என்ன, மாட்டேன்னா சொல்லப்போறேன்? சீர்த்தட்டோட மேளம் வச்சுல்ல போயிருப்பேன்!

நான் பதில் போடலை. கேள்வியா இருந்தாத்தானே பதில்?

ஆனா குரூப்பு சும்மா இருக்குமா. மொதல்ல வந்தது சின்னத்தாயி அத்தை. அதுக்கு எழுத வராது, வாயால பேசித்தான் அனுப்பும். ‘அடேய் தவசி, பிள்ளை வாய்விட்டுக் கேட்டிருக்கு. போறேன்னு சொல்லுடா. சொல்லிட்டு மறுவேலை பாரு’ன்னுச்சு. பின்னாலயே எங்க சித்தப்பா. தமிழ் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு. வினா ஆறு வகைன்னு ஆரம்பிச்சு, ஒண்ணொண்ணுக்கும் உதாரணம் குடுத்து, கடைசியில இது அறிவினான்னு முடிச்சாரு. கேக்குறவளுக்கே விடை தெரியும், அதனால பதில் சொல்ல அவசியமில்லையாம். படிச்ச மனுசன் சொல்றாரு. நான் என்ன, ஏழாங்கிளாசு.

பெறகு எங்க பெரியப்பா மகன் வைரவன். துபாய்ல ஏசி மெக்கானிக்கா இருக்கான். என் மேல உசுரு அவனுக்கு. ‘அண்ணே, இது அழைப்பு இல்ல, நக்கலு. மானம்னு ஒண்ணு இருக்கு. கூப்பிடாத எடத்துக்குப் போகாதீக’ன்னு பெருசு பெருசா எழுதுனான். அவன் எழுதுனதைப் படிச்சாத்தான் எனக்கு அன்னிக்குச் சோறு எறங்குச்சு.

ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு போச்சு குரூப்பு. காலையில கடையைத் தொறந்து ஊதுபத்தி பொருத்தி வச்சா, போன் டிங்கு டிங்குன்னு அடிக்கும். கேள்விதான்னு ஒரு கூட்டம், குத்திக்காட்டுறதுதான்னு ஒரு கூட்டம். எங்கய்யா சாவுல நடந்த பிளெக்ஸ் கதையை ஒருத்தன் தோண்டி எடுத்தான்.

அது ஒண்ணுமில்ல தாயி. எங்கய்யா செத்தப்ப முக்குல கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் வச்சோம். மகன் பேரு, மகள் பேரு, பேரன் பேத்தி பேரெல்லாம் இருந்துச்சு. மாப்பிள்ளை பேரு மட்டும் விட்டுப்போச்சு. நான் வேணும்னா செஞ்சேன்? கடைக்காரன் எடம் பத்தலைன்னு விட்டுட்டான். என் பேரை ரெண்டு தடவை போட்டிருந்தான், மகன்னு ஒரு தடவை, கீழ எங்க கடைப்பேரோட சேத்து ஒரு தடவை. அன்னிக்கு எழவு வீட்டுல அம்புட்டுச் சனத்துக்கு முன்னால தங்கச்சி கேட்டா, ‘ஏண்ணே, எம்புருசன் இந்த வீட்டு மருமகன் இல்லையா?’ன்னு. அதுவும் இப்பிடித்தான். அது பதில் சொல்ற கேள்வியா? மருமகன்தான்னு அவளுக்குத் தெரியாதா? நான் பேசாம இருந்துட்டேன். அதுக்குப் பெறகு அவளும் வரலை, நானும் போகலை.

எதுல விட்டேன்? ஆங், குரூப்பு.

வைரவன் அதோட விடலை. பேஸ்புக்குல எங்க சனங்க பக்கம் ஒண்ணு இருக்கு, ஆயிரக்கணக்குல ஆளு. பேரைப் போடாம கேள்வியை மட்டும் அதுல போட்டுட்டான். ‘உறவுகளே, இது கேள்வியா, குத்தலா? ஓட்டுப் போடுங்கள்.’ ஊரு ரெண்டுபட்டாக் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்னு சும்மாவா சொன்னாக. மலேசியாக்காரன் ஒருத்தன், ‘அந்தப் பொம்பளைக்குத் திமிரு’ங்கிறான். கோயம்புத்தூருப் பொம்பளை ஒண்ணு, ‘அந்த ஆளு ஒரு மனுசனா’ங்குது. அதுக்குக் கீழ இன்னொருத்தன் வந்து, ‘நீங்க கேட்டது கேள்வியா, இல்ல சும்மாவா?’ன்னு கேட்டான். அதுக்கு ஒரு சண்டை. நான் எல்லாத்தையும் படிச்சேன். ஒரு எழுத்து விடலை. மோட்டாரைப் பிரிச்சுப் போட்டுட்டு அப்பிடியே உக்காந்து படிப்பேன். கம்பி சுத்த வந்த சம்சாரி, ‘என்னண்ணே, பயிரு காயுது’ன்னு நிப்பாரு. அவருகிட்டயும் காட்டுவேன். ‘நீங்க சொல்லுங்க, இது கேள்வியா?’ம்பேன். மோட்டாரு கெடைக்கணுமேன்னு எல்லாரும் என் பக்கந்தான் சொன்னாக.

தங்கச்சி மட்டும் வாயே தொறக்கலை. எல்லாத்தையும் படிச்சிருக்கா, நீலக்கோடு விழுகுதுல்ல. கடைசியில சித்தப்பாவே, ‘அம்மா ஜோதி, வினவியவள் நீ. நீயே விளக்கம் தருக’ன்னு எழுதுனாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, நாகஜோதி வெளியேறினார்னு வந்துச்சு. சரி, அது பதிலா இல்லையான்னு அன்னிக்கு முழுக்க ஓடுச்சு.

இந்தா, கல்லுப்பட்டி வந்துருச்சு. பக்கத்துச் சீட்டுக்காரரு எறங்குறாரு, உக்காரு உக்காரு. பிள்ளையா? இருக்கட்டும் தாயி. தூங்கிருச்சு, இப்ப எதுக்கு எடுத்துக்கிட்டு. கனமெல்லாம் இல்ல. உசுப்பாத.

மறுநாளு எனக்குத் தனியா ஒண்ணு அனுப்புனா. பேசி அனுப்பியிருந்தா. ‘அண்ணே, வைகாசி கடைசி ஞாயித்துக்கெழமை, அவுக குலசாமி கோயில்ல வச்சு. நீ வருவியா?’ அவ்வளவுதான். கொரலு ஒரு மாதிரி கம்மலா இருந்துச்சு. சளி பிடிச்சிருக்கும். சின்னதுல இருந்தே அவளுக்குச் சளித்தொல்லை உண்டு.

நீ அப்பிடிப் பாக்காத. எனக்கும் புரியாம இல்ல. தேதி சொல்லிட்டா, எடம் சொல்லிட்டா. ஆனா வாண்ணேன்னு சொல்லலையே? வருவியான்னுதானே கேட்டா? ‘நீயெல்லாம் வருவியா’ன்னு கேக்குறதுக்கும் அதே வார்த்தைதானே? நானா ஒரு முடிவு பண்ணக் கூடாது பாரு, அதைத் தூக்கிக் குரூப்புல போட்டேன். அவ தனியா அனுப்புனதுதான். அதனால என்ன, சொந்தத்துக்குள்ள என்ன ஒளிவு மறைவு? எல்லாரும் கேட்டாக. சின்னத்தாயி அத்தை மட்டும், ‘அடப்பாவி, இதையாடா ஊரைக் கூட்டிக் கேப்ப?’ன்னுச்சு. மத்த எல்லாரும் போக வேணாம்னுதான் சொன்னாக. வைரவன், ‘அண்ணே, நீங்க போனீக, நம்ம வகையறாவுக்கே அசிங்கம்’னான். சித்தப்பா, முறைப்படி அழைக்காத இடத்துக்குச் செல்வது மரபன்றுன்னு எழுதுனாரு. எல்லாரும் அதுக்குக் கைதட்டுற பொம்மை போட்டாக. பத்துப் பேரு சொல்றதுல ஒரு ஞாயம் இருக்கும்ல?

எம்பொஞ்சாதி பஞ்சவர்ணம் இருக்காளே, அவ இந்தக் குரூப்புலயே கெடையாது. அவபாட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை, காதுக்குத் தோடு, கண்ணாடி வளையல்னு வாங்கிட்டு வந்துட்டா. விசேசத்தன்னிக்கு விடியக்காலையில குளிச்சு, கூரப்பட்டுக் கட்டி, பையைக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல நிக்குறா. ‘அப்ப நாம போகலையா?’ன்னா. அவளும் கேள்விதான் கேட்டா. பதில் தெரிஞ்சே கேக்குறவளுக்கு என்னத்தைச் சொல்ல? நான் பேசாம கடைக்குப் போயிட்டேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தப்பப் பாத்தா, பழைய சேலையில பாத்திரம் வெளக்கிக்கிட்டு இருந்தா.

அன்னிக்குக் காலையில இருந்து குரூப்புல ஒரு சத்தமும் இல்ல தாயி. ஒரு குட்மார்னிங் கூட இல்ல. சரி, நமக்காகத்தான் எல்லாரும் மனசு சங்கடப்பட்டுச் சும்மா இருக்காகன்னு நெனச்சேன்.

சாயங்காலம் ஒரு போட்டோ வந்துச்சு. சின்னத்தாயி அத்தை வெரலு பட்டு வந்துருச்சு போல. கோயில் மரத்தடியில பந்தி. வாழை எலை, கறிச்சோறு. வரிசையா உக்காந்திருக்காக. பெருசு பண்ணிப் பாத்தேன். சித்தப்பா எலும்பைக் கடிச்சுக்கிட்டு இருக்காரு. பக்கத்துல அவரு மகன், மருமக. பெரியம்மா வீட்டு ஆளுக. கைதட்டுற பொம்மை போட்ட அம்புட்டுப் பேரும் இருக்காக. குரூப்பே எலைக்கு முன்னால உக்காந்திருக்கு. அடுத்த போட்டோவுல பிள்ளை. மொட்டை போட்டுச் சந்தனம் தடவி, வாயைப் பொளந்து அழுகுது. ஆசாரி காதைப் பிடிச்சிருக்காரு. மடி யாருதுன்னா, வைரவன் மடி. பங்காளி மொறையில அவனும் அவளுக்கு அண்ணன்தானே. பட்டுவேட்டி, நெத்தியில திருநீறு. துபாய்ல இருந்து லீவுல வந்திருக்கான்.

பாத்துக்கிட்டு இருக்கும்போதே ரெண்டும் காணாமப் போச்சு. அழிச்சிட்டாக.

வைரவனைச் சொல்லிக் குத்தமில்ல. லீவுல வந்தவன், போற வழியில பிடிச்சு இழுத்து உக்கார வச்சிருப்பாக. அவன் கொணம் எனக்குத் தெரியும். இப்பவும் அண்ணே அண்ணேன்னுதான் இருக்கான்.

பெறகு அத்தைதான் போன்ல சொல்லுச்சு. ஆசாரி ஊசியை வச்சுக்கிட்டு, ‘தாய்மாமன் வந்தாச்சா?’ன்னு கேட்டாராம். எந்தங்கச்சி, ‘வந்துக்கிட்டு இருக்காரு’ன்னாளாம். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி கேட்டாராம். ‘பஸ்ஸு லேட்டு, இப்ப வந்துருவாரு’ன்னாளாம். நல்ல நேரம் முடியப்போகுதுன்னு மாமியாக்காரி சத்தம் போட்ட பெறகுதான் வைரவனை உக்கார வச்சாகளாம். அப்பவும் இவ ரோட்டைத்தான் பாத்துக்கிட்டு நின்னாளாம்.

நான் வர்றேன்னு சொல்லவே இல்லையே தாயி. அவ எதுக்கு அப்பிடிச் சொன்னா?

அதை மட்டும் நான் குரூப்புல கேக்கலை.

கோவம் வரலை. அழுகையும் வரலை. பல்லு பிடுங்க ஊசி போடுவாகள்ல, அந்த மாதிரிதான். கன்னத்தைத் தொட்டா வேற யாரோ கன்னத்தைத் தொடுற மாதிரி இருக்கும்ல. அன்னிக்குக் கடைக்குப் போனேன், கம்பி சுத்துனேன். ராத்திரி சாப்பிட்டேன். என்ன குழம்புன்னு தெரியலை. அப்ப இருந்து அப்பிடியேதான் போகுது. நல்லாத்தான் இருக்கேன். ஒடம்புக்கு ஒண்ணுமில்ல.

கிருஷ்ணன்கோவில் தாண்டியாச்சா? ம். ஆடியில ஒருதரம் இந்தப் பையைத் தூக்கிக்கிட்டு இங்க வரைக்கும் வந்தேன். எறங்கி ஒரு டீயைக் குடிச்சிட்டு எதுத்த வண்டியில திரும்பிட்டேன். பொஞ்சாதிகிட்ட, அவுக வீடு பூட்டியிருந்துச்சுன்னு சொல்லிட்டேன். அவ ஒண்ணும் கேக்கலை. இப்பல்லாம் அவ எதுவுமே கேக்குறதில்ல.

இன்னிக்கு ஏன் கெளம்புனேன்னா, காலையில எந்திரிச்சுப் போனை எடுத்தா தங்கச்சிகிட்ட இருந்து ஒண்ணு வந்திருக்கு. வைகாசிக்குப் பெறகு இப்பத்தான். என்ன தெரியுமா? ‘அண்ணே, சாப்பிட்டியா?’

இதை என்னன்னு எடுத்துக்கிருவ? ஏழு மணிக்கு எவன் சாப்பிட்டிருப்பான்? வீட்டுக்கு வந்து சாப்பிடுங்கிறாளா? இல்ல, எங்க விசேசத்துல எல்லாரும் கறிச்சோறு சாப்பிட்டாக, நீ சாப்பிட்டியாங்கிறாளா? அப்பிடியும் இருக்கும்ல? எனக்குத் தெரியலை, குரூப்புல போட்டேன். வழக்கம் போல ரெண்டு கட்சி. வைரவன், ‘அண்ணே, அவசரப்படாதீக, இதுல உள்குத்து இருக்கு’ங்கிறான். நாளைக்குள்ள தெளிவாச் சொல்றேன்னிருக்காரு சித்தப்பா. இந்தா, இப்பக் கூட டிங்குன்னுச்சுல்ல, அதுதான். பஞ்சவர்ணம் பீரோவுல இருந்த பையை எடுத்துக் கையில குடுத்தா. கதவைச் சாத்திக்கிட்டா. நான் எங்க போக? பஸ்ஸ்டாண்டுக்கு வந்தேன், வண்டி நின்னுச்சு, ஏறிட்டேன்.

பதில் இன்னும் போடலை. என்னன்னு போட?

வந்துருச்சா? ராஜபாளையமா இது? பேசிக்கிட்டே வந்ததுல தெரியலை. பிள்ளையைத் தூக்கு தாயி. மெதுவா, தலையைப் பிடி. செருப்பு இந்தா. ஒரு கால் செருப்பு சீட்டுக்கு அடியில கெடக்கு பாரு.

ம்? என்ன கேட்ட? சாப்பிட்டனாவா?

இல்ல தாயி. காலையில இருந்து பச்சத்தண்ணி கூட குடிக்கலை. பசிக்குது.

என்ன, சிரிக்கிற? நீ கேட்ட, நான் சொன்னேன். அம்புட்டுத்தானே. இதுல என்ன இருக்கு.

...

இல்ல தாயி, அது வேற. நீ யாரோ, எவரோ. அவ என் கூடப் பெறந்தவ. அது வேற.

நீ எறங்கு. உன் வீட்டுல தேடுவாக. நானா? எந்திரிக்க முடியலை. பிள்ளை படுத்திருந்ததுல ரெண்டு காலும் மரத்துப் போச்சு, இருக்கா இல்லையான்னே தெரியலை. இரு, போறதுக்கு முன்ன கீழ இருக்கிற அந்த மஞ்சப்பையை எடுத்து இப்பிடி மடியில வச்சிட்டுப் போ. ஆங். இருக்கட்டும்.

அப்பிடியே, இந்த வண்டி மறுபடி எப்ப மதுரைக்குக் கெளம்பும்னு கண்டக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லு.

சும்மா கேக்கலை தாயி. நெசமாத்தான் கேக்குறேன்.